ரவிக்கை தைக்கப் போன நர்ஸம்மா

எனக்குத் தையல் வராது. ஊசியில் நூலைக் கோர்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிற ரகம் நான். சின்ன வயதில் என்னை ஒரு தையல் வகுப்பில் சேர்த்துப் பார்த்த அம்மா, துணிதான் பாவம் என்று சொல்லித் திரும்ப அழைத்து வந்துவிட்டாள். அப்படிப்பட்டவள், பேகம்பூர்ப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குச் சில மாதங்கள் தையல்காரி என்ற பெயரில் போய்வந்தேன். அந்த வேஷத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிடுகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. காசநோய்க்காரர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. அதுவரை அந்த நோய் வந்தவரை எங்கோ தொலைவில் உள்ள சானடோரியத்துக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தால் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார்கள். வீட்டில் இருந்தபடியே மாத்திரை தின்று குணமாகலாம் என்ற சமாசாரம் எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிடுவார். நோயாளி அதைத் தின்கிறாரா, கோழிக்குப் போடுகிறாரா என்று பார்க்க ஆள் வேண்டுமே. அதற்குத்தான் நாங்கள். குடையும் கறுப்புப் பையுமாக நாகல் நகர்க் கடைகளைத் தாண்டி, தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையைத் தாண்டி, சந்து சந்தாக நடப்போம். சின்ன மாத்திரை ஒன்று, அதோடு பெரிய மாத்திரைகள் ஒரு கை நிறைய. பெரியதைத் தின்றால் குமட்டும், வயிறு போகும். இருமல் நின்று உடம்பு லேசாகத் தேறியதும் இனி எதற்கு இந்தச் சனியன் என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதே, ஒரு வருஷத்துக்கு மேல் தின்றே ஆகவேண்டும் என்று மற்ற நர்ஸுகள் கெஞ்சுவார்கள். எனக்கு அதட்டத்தான் வந்தது. வாய்க்காரி என்று எனக்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் பொய் சொல்லாத வாய் என்றும் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்களுக்கு நீலக் கரை வைத்த வெள்ளைச் சேலை. அதுதான் பெரிய தொல்லை. வெள்ளைச் சேலை எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் சயரோகம் என்று தெரு முடிவுகட்டிவிடும். அப்புறம் அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் எங்களைக் கண்டதும் கதவு சாத்துவார்கள். இல்லாவிட்டால், கொல்லை வழியாக வாங்க, ஆள் நடமாட்டம் இல்லாதபோது வாங்க என்று காலில் விழாத குறையாகக் கேட்பார்கள். நோய் என்ன திருட்டா, ஒளிந்து ஒளிந்து வர, என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போவேன். போகாவிட்டால் மாத்திரை குப்பைக்குப் போகும்.

நான் சொல்ல வந்த வீடு, தோல் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவருடையது. அவர், அவர் மனைவி, ஒரே மகள். வயதுக்கு வந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த அந்தப் பெண்ணுக்குத்தான் நோய். கொல்லையை ஒட்டி, தோல் பதனிடுவதற்கு வாங்கிப் போட்ட ஆவாரம்பட்டை மலைபோலக் குவிந்திருக்கும். அந்தப் பட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு போனால் தெருவில் யார் கண்ணிலும் படாமல் உள்ளே நுழைந்துவிடலாம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போனேன். பெண் கெட்டிக்காரி. முகம் சுளித்துக்கொண்டேயானாலும் எல்லா மாத்திரையையும் விழுங்கிவிடுவாள். அவள் விழுங்கும்போது அவள் அம்மாவின் தொண்டையும் கூடவே அசையும். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னை நர்ஸம்மா என்பாள். எந்நேரமும் ஒரு சளி இருமல் அவளுக்கு உண்டு. சின்ன வயதில் பட்டை இடிக்கிற வேலைக்குப் போனதில் ஏறிய தூசி என்று அவளே சொல்லுவாள். அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணுக்குக் கொடைரோட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ரயில் நிலையத்துக்கு அருகில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்கள். நோயைப் பற்றி அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன்.

"சொன்னா யாரு கட்டுவா நர்ஸம்மா? நீங்களே சொல்லுங்க, உங்க தம்பிக்குக் கட்டுவீகளா?" என்று அக்கா கேட்டாள்.

அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். ஒன்றில் மட்டும் டாக்டர் உறுதியாக இருந்தார். பெண்ணின் சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே கல்யாணம். காலையில் எழுந்ததும் இருமிக் காறி எடுக்கிற சளியைப் பிடிக்க ஒரு மூடி போட்ட புட்டி கொடுப்போம். அந்தப் புட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொண்டும் போனேன்.

சளியில் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாள் என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உச்சி வெயிலில் விறுவிறுவென்று போய், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

"மாத்திரையைத் தின்னியா, கோழிக்குப் போட்டியா? உண்மையச் சொல்லு."

"சத்தியமா ஒன்னுகூட விடல நர்ஸம்மா." பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப கிருமி எங்கயிருந்து வந்துச்சு? ஆகாசத்துல இருந்து குதிச்சுச்சா? உனக்காக வெயில்ல நாயா அலையுறேன், நீ என்னைய முட்டாளாக்குற."

அவள் விசும்பத் தொடங்கினாள். அம்மா அவளைக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க அனுப்பினாள். அவள் போனதும் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவளத் திட்டாதீக. அது அவ சளி இல்ல."

"பின்ன யாரு சளி?"

"என்னோடது."

மகள் இரண்டு நாள் காலையில் இருமிப் பார்த்திருக்கிறாள். எச்சில்தான் வந்திருக்கிறது. குணமானவர்களுக்குச் சளி வராது, அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் வெறும் எச்சிலைக் கொடுத்தால் டாக்டர் திருப்பி அனுப்புவார், நாள் தள்ளிப் போகும் என்று அம்மாவுக்குப் பயம். அப்படியே கொஞ்சம் சளி வந்தாலும், அதில் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

"எனக்கு என்ன, வெறும் பட்டைத் தூசி இருமல்தானே, நல்ல சளிதானேன்னு குடுத்துப்புட்டேன். தப்புத்தான். இன்னொரு புட்டி குடுங்க நர்ஸம்மா, அவ சளியவே எப்பிடியாச்சும் எடுத்துத் தாரேன்."

கெஞ்சிக்கொண்டே இருந்தாள். தான் சொன்னதன் அர்த்தம் அவளுக்கே இன்னும் விளங்கவில்லை. முக்காட்டுக்குக் கீழே அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மகளுடைய எடை கூடிக்கொண்டு வந்த மாதங்களில் அவள் இளைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, புட்டியில கிருமி இருந்துச்சு. சளி உங்களோடது."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் போய் இறக்கி வைத்தாள். திரும்பி வந்து கேட்டாள்.

"அப்ப எம்மவளுக்கு இல்லையா?"

"இல்லன்னுதான் நெனைக்கேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷ உத்தியோகத்தில், நோய் உனக்குத்தான் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

மகளுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்து, படாத பாடு பட்டுச் சளி எடுத்தோம். ஒன்றுக்கு மேல் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. மகளுக்குத் துணையாகப் போகிற மாதிரி போய் அம்மா எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். இரண்டு பக்க நுரையீரலிலும் நோய் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார் டாக்டர். மாட்டேன் என்றாள். தினமும் வந்து ஊசியாவது போட்டுக்கொள் என்றார். அதற்கும் மாட்டேன் என்றாள். மகளுக்கு இருந்து தாய்க்கும் இருக்கிறது என்றால் ரத்தத்திலேயே இருக்கிற வியாதி என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்துவிடுவார்கள், நிக்காஹ் முடியட்டும், அப்புறம் என்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள். கடைசியில் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள். மகளுக்கும் புருஷனுக்கும்கூட இது தெரியக்கூடாது என்பது அவள் நிபந்தனை. மகளைக் கல்யாணம்வரை பார்த்துக்கொள்ளத்தான் நான் வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவைத்தோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை ஒருத்தி அதே சந்தில் குடிவந்தாள். அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பட்டைக் குவியலும் கொல்லைக் கதவும் நன்றாகத் தெரியும். என் பழைய வழி அடைபட்டது. அப்போது பிறந்ததுதான் தையல்காரி வேஷம். கல்யாண வீட்டுக்கு ரவிக்கை தைக்க ஒருத்தி வந்துபோனால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வீட்டுக்குப் போகிற நாட்களில் பூப்போட்ட சேலை ஒன்றைப் பையில் எடுத்துப் போவேன். எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்தியின் வீட்டில் சேலை மாற்றிக்கொண்டு, தலைவாசல் வழியாகவே ராஜநடை போட்டு நுழைவேன்.

வேஷம் போட்டால் ஆட வேண்டுமே. உள்ளே துணியைப் பரப்பி, அளவு எடுத்து, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு என்று வைத்திருந்த நல்ல சிவப்புப் பட்டுத் துணியை நான் வெட்டிய வெட்டில் ஒரு கை முழங்கைக்கும் ஒரு கை தோளுக்குமாக வந்தது. "இது யாருக்கு நர்ஸம்மா, நொண்டிக் கோழிக்கா?" என்று பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இது போதாதென்று அந்தப் பெரியம்மா ஒரு நாள் துணியோடு வந்து எனக்கும் ஒன்று தைத்துக் கொடு என்று நின்றாள். கடைவீதித் தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தைத்து, நான் தைத்ததாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லா இருக்கு, கழுத்துதான் கொஞ்சம் எறக்கம் என்று குறை வேறு சொன்னாள்.

போகிற நாளில் அம்மாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அன்றைய மாத்திரைகளை என் கண்ணெதிரே விழுங்க வைப்பேன். மற்ற நாட்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போகும்போது மாத்திரைப் பொட்டலம் காலியாக இருக்கும். "எல்லாம் தின்னுட்டேன்" என்பாள். பாயைத் தனியாகப் போடுங்கள், இருமும்போது துணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தாள். அதனால் இதையும் செய்கிறாள் என்று நம்பினேன்.

ஒரு நாள், நான் சிவப்புத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"கல்யாணத்துக்குப் பொறவு எம்மவளுக்கு இது திரும்ப வருமா?"

வேறு நர்ஸாக இருந்தால் வராது போ என்றிருப்பாள். நான் உண்மை பேசுகிறவள் அல்லவா.

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பிள்ளை பெத்து ஒடம்பு எளைச்சா செல பேருக்குத் திரும்ப வரும். வந்தா என்ன, மறுபடி மாத்திரை தின்னாப் போச்சு."

"அங்க போயி எப்பிடித் திங்கிறது? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா அன்னைக்கே தள்ளி வச்சுருவாகளே." உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "இந்த மாத்திரை கெட்டுப் போகுமா நர்ஸம்மா?"

"ஈரம் படாம இருந்தா ரொம்ப நாளைக்கு இருக்கும். ஏன்?"

"சும்மாத்தான் கேட்டேன்."

நிக்காஹ் நன்றாக நடந்தது. நான் பூப்போட்ட சேலையில் போய், தையல்காரியாகவே நெய்ச்சோறு சாப்பிட்டேன். பெண்ணுக்குக் கருகமணி கட்டிய நேரத்தில் அவள் அம்மா கூட்டத்தில் இல்லை. தேடிப் போனேன். அடுப்படி மூலையில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு, இருமல் அடங்கட்டும் என்று குனிந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் கையால் போ போ என்று சைகை காட்டினாள். மாலையில் பெண்ணைக் கொடைரோட்டுக்கு ரயிலேற்றினார்கள். சீராகக் கொடுத்த பாத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியும் போயிற்று. பெட்டியைத் தூக்கியவரிடம், "பாத்து, மழையில நனைஞ்சுரக் கூடாது" என்று அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பட்டுச் சேலைக்காகத்தான் இப்படித் துடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த முறை போனபோது பாயில் படுத்திருந்தாள்.

"இனிமே வெள்ளைச் சேலையிலயே வாங்க நர்ஸம்மா. உங்க தையலுக்கு விடுதலை."

அன்றைக்கே புருஷனிடம் விஷயத்தைச் சொல்லி, குதிரை வண்டி வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டார்கள். எல்லாம் காலம் கடந்த வைத்தியமாகிவிட்டது. இத்தனை மாதம் மாத்திரை தின்றும் நோய் இவ்வளவு முற்றியிருக்கிறதே என்று டாக்டருக்கே ஆச்சரியம். சிலருக்கு இந்த மருந்து கேட்பதில்லை, இவளுக்கும் கேட்கவில்லை என்றார். நானும் அதைத்தான் நம்பினேன். மருந்தின்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். மகள் பதறிக்கொண்டு வந்தாள். அவளைத் தூரத்திலேயே நிறுத்தி, "பக்கத்துல வராத புள்ள" என்று கையை நீட்டினாள் அம்மா. ரத்தமாக வாந்தி எடுத்து, சில வாரங்களில் போய்ச் சேர்ந்தாள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத என்னையும் அழைத்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பெண் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தாள். அதைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டுத் துணி கட்டியிருந்தது. கோணல்மாணலாகப் போயிருந்த தையலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் வெட்டிக் கெடுத்த ரவிக்கைதான்.

"எம்பெட்டிக்கு அடியில அம்மா வச்சு அனுப்புச்சு நர்ஸம்மா. யாருக்கும் காட்டாதன்னுச்சு. பிள்ள பெத்த பொறவு இருமல் கிருமல் வந்தா, ஆஸ்பத்திரி பக்கம் போகாம இதை எடுத்துத் தின்னுக்கன்னு சொல்லுச்சு."

மூடியைத் திறந்தாள். டின் நிறைய மாத்திரை. பெரிய மாத்திரைகள் லேசாகப் பழுப்பேறியிருந்தன. சின்னது மட்டும் வெள்ளையாகவே இருந்தது. நான் வராத நாட்களுக்கென்று அக்காவிடம் கொடுத்தது அத்தனையும் அதில் இருந்தது.

"எனக்குக் குடுத்ததுல மிச்சமா இது? நான் ஒன்னுகூட விடாமத் தின்னேனே."

மாத்திரை ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டு கேட்டாள்.

"இது நல்ல மருந்துதானே நர்ஸம்மா?"

"நல்ல மருந்துதான். உனக்குக் கேட்டுச்சுல்ல."

"அப்ப அம்மாவுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

என் வாய்த்துடுக்கு அந்தத் தெருவுக்கே தெரியும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்று தெரிந்துதான் அவளும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் சதைபிடித்து, கழுத்து நிறைந்து, நல்ல ஆரோக்கியமாக இருந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

"செல பேருக்குக் கேக்காது புள்ள. டாக்டரே சொன்னாருல்ல" என்றேன். "ஆஸ்பத்திரியில எப்பவும் கூடுதலாத்தான் குடுப்போம். அதுல மிச்சம் வந்ததை உங்கம்மா எடுத்து வச்சிருக்கு. இது பழசாயிருச்சு, இனிமே ஆகாது. இருமல் வந்தா எனக்குச் சொல்லி அனுப்பு. நான் கொடைரோட்டுக்கே வாரேன்."

"தையல்காரியாவா?" என்று கேட்டாள். சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

மாத்திரைகளை என் கறுப்புப் பைக்குள் கொட்டிக்கொண்டேன். டின் மட்டும் எனக்கு வேணும், அம்மா கை பட்டது என்றாள். கொல்லைக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவி, துடைத்து, அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.